இளநீர் விஷயத்தில் நான் விட்ட கதை

என் தங்கை பெற்ற செல்லமே ஸ்டெல்லா,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. சிறுநீரகம் போன நம்மைப் போன்றவர்களுக்காக நீ தொடங்கிய வாட்ஸ்அப் குழு நிற்கவில்லை. ஓட்டுவது யார்? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிய உன் மாமன்தான்! தஞ்சாவூர் டாக்டர்களே இப்போது என்னைத்தான் கேட்கிறார்கள். சரி, டாக்டர் இல்லை, ஒரு நர்ஸ். அவரும் கேட்டது மணி என்ன என்றுதான்.

ஆனால் ஒரு தப்பு செய்துவிட்டேன், கண்ணு. சித்திரை வெயிலில் குழுவே தாகம் தாகமென்று புலம்பியது. நமக்கு நாளுக்கு இவ்வளவு என்று டாக்டர் அளந்த தண்ணீர்தானே? நான் சும்மா இருந்திருக்கலாம். "தோப்புல நின்னு மூணு இளநி குடிச்சேன். சிங்கம் மாதிரி இருக்கேன்!" என்று குரல் பதிவு போட்டேன். உண்மையில் குடித்தது ஒரே மடக்கு. அதையும் உன் அத்தை பிடுங்கிவிட்டாள். இளநீரில் உள்ள பொட்டாசியம் நம் நெஞ்சையே நிறுத்திவிடும் என்று நீ எத்தனை தடவை எழுதியிருப்பாய்!

மறுநாள் மத்தியானம் முத்துப்பேட்டை ரஹ்மத் பீவியின் குரல் வந்தது. "அண்ணே, நீங்க சொன்னீங்களேன்னு நானும் ரெண்டு குடிச்சேன். காலத் தூக்க முடியல. நெஞ்சு படபடங்குது."

வேளாங்கண்ணி ஆரோக்கியம், அவனும் வாரம் மூன்று நாள் மெஷினில் படுப்பவன், குழுவிலேயே கத்தினான்: "அக்கா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க! டயாலிசிஸ் பேஷண்ட், இளநி குடிச்சிட்டேன்னு போனதும் சொல்லுங்க!" அன்று டயாலிசிஸ் முடித்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்த முத்துப்பேட்டைக்காரர் ஒருவர், சோறுகூடத் தின்னாமல் ஆட்டோவோடு ரஹ்மத் பீவியின் வாசலில் போய் நின்றார்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். சாயங்காலமே குழுவில் நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொண்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே ரஹ்மத் பீவி பதில் போட்டார்: "அண்ணே, கதை விடணும்னா ஒங்க வயல்ல எத்தனை மூட்டை வெளஞ்சுதுன்னு விடுங்க. அதுல யாரும் சாக மாட்டாங்க."

நீ இருந்திருந்தால் என்னைக் குழுவைவிட்டுத் தூக்கியிருப்பாயா? நானே விலகப் பார்த்தேன். "எங்க ஓடுறீங்க மாமா? இருந்து ஒழுங்காப் பேசுங்க" என்று ஆரோக்கியம் அதட்டினான்.

இன்று ஒரத்தநாட்டிலிருந்து புதிதாக ஒருவர் சேர்ந்தார். நாளை தஞ்சாவூரில் அவருக்கு முதல் டயாலிசிஸ். "வலிக்குமாண்ணே?" என்றார். கொசுக்கடி மாதிரி என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். "ஊசி வலிக்கும். மொத நாளு நான் அழுதேன். நாளைக்கு நீங்க வெளிய வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரி பெஞ்சுல ஒக்காந்திருப்பேன்" என்றேன். அழுததை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை, இல்லையா?

ஊருக்குள் எப்படியோ, இந்தக் குழுவில் என் உடம்புக்கு நடந்ததை மட்டும்தான் இனிப் பேசுவேன். நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் தஞ்சாவூர் கிளம்புகிறேன். இதை நீ அப்படியே நம்பலாம்.

உன் தாய்மாமன்,
சவரிமுத்து