அடிப்பிடித்த பானை

அன்புள்ள அப்பாவுக்கு லின்வுட் வணக்கத்துடன் எழுதுவது.

முழங்கால் வலி குறைந்ததா? மில்வாக்கியில் பனி இன்னும் விடவில்லை. உங்கள் மிசிசிப்பி வெயில் இங்கே துளிகூட இல்லை.

இங்கே நம் கறுப்பு மக்கள் சர்ச்சில், சனிக்கிழமை காலையில் ஆண்களுக்கு மட்டும் சாப்பாடு உண்டு. அதை நடத்தும் சபை ஊழியர் டீக்கன் டாலிவர் ஒவ்வொருவரிடமும், "எப்படிப்பா இருக்க?" என்று கேட்பார். "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன்" என்று மழுப்புகிறவர், சோளக்கஞ்சி அடிப்பிடித்த பெரிய பானையைத் தேய்க்க வேண்டும். ஐந்து வாரமாக நான்தான் தேய்த்தேன்.

போன வாரம் டீக்கன், "தம்பி, நீ தேய்க்கிற தேய்ப்புல பானை ஓட்டையாயிடும்போல. இன்னைக்காவது உண்மையைச் சொல்லேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, அண்ணன் கர்டிஸ் இறந்துபோனதிலிருந்து தூக்கமே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒருவரும் பிரசங்கம் பண்ணவில்லை. பஸ் ஓட்டும் மூர்ஹெட், "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நான் பாக்குற மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், வா" என்றார். சொன்னபடியே செவ்வாய்க்கிழமை வாசலில் வந்து ஹாரன் அடித்தார். நான் உண்மையைச் சொன்ன அந்தச் சனிக்கிழமை பானையைத் தேய்த்தது டீக்கன்தான். எப்பேர்ப்பட்ட மனிதர்கள், அப்பா! பயப்படாதீர்கள், இப்போது இரவில் கொஞ்சம் தூக்கம் வருகிறது.

அண்ணனின் பழுப்புக் கோட்டு சும்மா தொங்கினால் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அண்ணனைப் புதைத்த நாளிலிருந்து, உங்கள் எல்லாக் கடிதத்திலும் "நல்லா இருக்கேன்" என்ற ஒரே வரிதான். இந்த முறையும் அதையே எழுதினால், பானையைப் பார்சலில் அனுப்பிவிடுவேன்.

உங்கள் மகன்,
லின்வுட்