நான்கு மக் தண்ணீர்

அக்கா,

நேற்றுக் காலை பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நல்லூரில் குழந்தை டாக்டரிடம் போயிருந்தேன். எடை பார்க்கும் மேடையை அங்கே வேலை செய்யும் பெண் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "புள்ளைய நிறுத்துங்க" என்றாள். மூக்கில் ஒன்றும் ஏறவில்லை. "வாசமே இல்லீங்களே, மருந்து போட்டுத்தான் தொடச்சீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"இந்தத் துணியிலயே மருந்து இருக்குதுங்க. அந்த ஹைப்போ, ப்ளீச்சிங் தண்ணிய டாக்டர் எப்பவோ நிறுத்திட்டாருங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கொரோனா வந்த வருஷம் நம் கிளினிக்கில் துப்புரவு வேலை பார்த்த உங்களை வாசலில் ஆளாளுக்குக் கேட்ட கேள்வி அது.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. இவ்வளவு தாமதமாக எழுதக் காரணம் உண்டு. துக்கம் விசாரிக்க வந்த அன்று உங்கள் வீட்டுக்கார அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்மிணி, நீ கெமிஸ்ட்ரி படிச்சவ. அந்த மருந்துதான் இவ நெஞ்சைக் கெடுத்துருச்சா?"

"தெரியலீங்கண்ணா" என்றேன். பொய்யில்லை. பெரிய ஆஸ்பத்திரியிலேயே எதனால் என்று உறுதியாகச் சொல்லவில்லை. கிளினிக்குக்கு வருவதற்கு முன் எத்தனையோ வருஷம் சலவைப்பட்டறையில், பனியன் துணி வெளுக்கும் தொட்டியோரம் நின்றவர் நீங்கள். ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த வருஷம் எதுதான் நிலையாக இருந்தது? முதலில் தரையை மட்டும் துடைக்கச் சொன்னார்கள். பிறகு நாற்காலி, கைப்பிடி, செருப்பு, கடைசியில் வருகிறவர்கள் மேலேயே தெளிக்கச் சொன்னார் டாக்டர். நீங்கள் தோளில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு, "பன்னீர் தெளிக்கிறேன், நில்லுங்க. கல்கண்டு உள்ள டாக்டர் குடுப்பாரு" என்பீர்கள். பயந்து வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். ஏழு மாத வயிற்றோடு கவுன்டரில் இருந்த நானும் சிரித்தேன்.

எத்தனைக்கு எத்தனை கலப்பது என்று அட்டையில் எழுதி ஒட்டியது நான்தான். ஒரு மக் மருந்துக்கு நான்கு மக் தண்ணீர். மருந்துக் கடையில் ஹைப்போ தீர்ந்தபோது டாக்டர் தன் மச்சானின் பட்டறையிலிருந்து நீலக் கேன்களை இறக்கினார். நீங்கள் மூடியைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

"அம்மிணி, இது துணிக்கு ஊத்துற சரக்கு. கண்ணு கரிக்குது பாரு. அட்டையில இருக்கற அளவே போட்டாச் சரியா வருமா?"

இரண்டு போன் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நிமிராமலே சொன்னேன்: "அட்டையில இருக்கறதையே போடுங்கக்கா." அது இரண்டு மடங்குக்கும் மேல் வீரியம் என்பது ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை. "படிச்ச புள்ள சொன்னாச் சரி" என்று நீங்கள் ஊற்றினீர்கள்.

ஆட்கள் மேல் தெளிக்க வேண்டாம், அது கெடுதல் என்று பிறகு அறிக்கை வந்தது. டாக்டரும் நிறுத்தினார். நான்கு நாள்கூட ஆகவில்லை. ஒரு கம்பெனி முதலாளி வாசலிலேயே நின்றுகொண்டு, "என்னங்க டாக்டரே, வாசமே காணோம். சிக்கனமுங்களா?" என்றார். மறுநாள் தெளிப்பான் மறுபடியும் உங்கள் தோளுக்கு வந்துவிட்டது. ஊரே வாசத்தைத்தான் சுத்தம் என்று நம்பியது. அந்த வாசத்தை நாள் முழுக்க இழுத்தது நீங்கள் ஒருவர்தான். இருமினால், "பட்டறையில இருமாத இருமலா கண்ணு?" என்பீர்கள். எனக்கு இப்போது கோபம் வருகிறது. டாக்டர் மேல், அந்த முதலாளி மேல், அந்தச் சிரிப்பின் மேல். எல்லார் மேலும் வந்துவிட்டுக் கடைசியில் அட்டையிலிருந்த என் கையெழுத்தில் வந்து நிற்கிறது.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். அண்ணனிடம் கேன் மாறியதையும் அட்டையை நான் மாற்றாததையும் சொன்னேன்.

அவர் கேட்டார்: "அவ உங்கிட்டக் கேட்டாளா?"

"கேட்டாங்கண்ணா. பட்டறைச் சரக்குன்னு மூடியைத் திறந்ததுமே சொன்னாங்க."

"அப்ப அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சுமா ஊத்துனா?"

"நான் சொன்னேன்னுதாங்கண்ணா ஊத்துனாங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன். பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ளைக்குச் சுடுது, வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்பு" என்றார்.

உங்களுக்குத் தெரிந்திருந்தது அக்கா. உங்கள் மூக்கை நம்பாமல் என் படிப்பை நம்பினீர்கள். அந்த நம்பிக்கையை நான் யாரிடம் திருப்பிக் கொடுப்பது?