எட்டாம் பெட்டி, மூன்றாம் உறை

திங்கட்கிழமை தபாலில் ஒரு பருமனான உறை வந்தது. பல்கலைக்கழக நூலகத்திலிருந்து. உள்ளே உன் பெட்டிகளின் பட்டியல், இருபத்திரண்டு பக்கம். முதல் பக்கத்தில் உன் பெயரை முழுசாகப் போட்டு, அதன் கீழே "சமகால அமெரிக்க இசையமைப்பாளர், இசைப் பிரதிகளும் சொந்தத் தாள்களும், பதினொரு பெட்டிகள்" என்று அச்சடித்திருக்கிறார்கள். உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். கிரீன் கார்டுக்கு ஆறு வருஷம் காத்திருந்து, அது கைக்கு வந்த எட்டாம் மாதம் போய்ச் சேர்ந்த திண்டுக்கல்காரன், இப்போது அமெரிக்கன்.

நானும் சிரித்துக்கொண்டேதான் பக்கத்தைப் புரட்டினேன். எட்டாம் பெட்டி, மூன்றாம் உறைக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "இரண்டாம் குவார்ட்டெட். இரண்டு வயலின், வியோலா, செல்லோ. முடிக்கப்படாதது."

அது பொய். நீ முடித்தாய். முடிக்கவில்லை என்று அவர்களிடம் சொன்னது நான். இப்போது அது அச்சில் வந்துவிட்டது. உன் மனைவி மாலதிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறோம் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. மீட்டிங் நடுவில் எழுந்து போய் வராந்தாவில் நடக்கிறேன். காரை எடுத்துக்கொண்டு எதற்கென்று தெரியாமல் ஃப்ரீவேயில் இரண்டு எக்ஸிட் போய்த் திரும்பி வருகிறேன். இதை எழுதும்போதுகூட நடுவில் மூன்று முறை எழுந்துவிட்டேன்.

நாம் ஒன்றாக வேலை பார்த்த நாட்களை நினைத்துக்கொள்கிறேன். இர்விங்கில் ஒரே அபார்ட்மெண்ட் வளாகம், ரிச்சர்ட்சனில் ஒரே கம்பெனி. டிரைவிங் டெஸ்டில் இரண்டு முறை தோற்றவன் நீ, அதனால் தினமும் நான்தான் ஓட்டினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து டேஷ்போர்டில் விரலால் தட்டிக்கொண்டே வருவாய். "ஓட்டுறது நானு, தாளம் உனக்கா?" என்று கத்துவேன். ஒரு நிமிஷம் நிறுத்துவாய். பிறகு முழங்காலில் ஆரம்பிப்பாய்.

டெலிபோன் ஸ்விட்சுகளைச் சோதிப்பது நம் வேலை. நான் சோதித்துவிட்டு அடுத்ததற்குப் போவேன். நீ பிஸி டோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அதன்மேல் வேறொரு சுரத்தைப் பாடிக்கொண்டு நிற்பாய். "டேய், இது என்னன்னு கேளு" என்பாய். "லைன் பிஸின்னு அர்த்தம். ரிப்போர்ட் எழுது" என்பேன். பாதிரியார் பள்ளியில் பியானோ படித்தவன் என்று தெரியும். அந்த பிஸி டோனை வைத்து நான்கு பேர் வாசிக்கும்படி ஒன்றை எழுதுவாய் என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு வெள்ளிக்கிழமை, இருவரையும் ஒரே அறைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு அட்டைப்பெட்டியைக் கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு லாஸ் கொலினாஸில் வேறு வேலை கிடைத்தது. உனக்குக் கிடைக்கவில்லை. மாலதிக்கு வேலை இருந்ததால் நீ அவள் விசாவில் ஒண்டிக்கொண்டாய். "அவ டிபெண்டன்ட்டா இருக்கேன்டா. சம்பளத்துக்கு வேலை பண்ணினா தப்பு. மியூசிக் எழுதினா தப்பில்லையாம். லாயர்கிட்டயே கேட்டுட்டேன்" என்றாய். காலையில் குழந்தை அபியை டேகேரில் விட்டுவிட்டு பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய், வகுப்பின் பின்வரிசையில் உட்கார அனுமதி வாங்கினாய். இரண்டு வருஷத்தில் அங்குள்ள மாணவர்கள் உன் முதல் குவார்ட்டெட்டை மேடையில் வாசித்தார்கள்.

நான் தூங்கிவிட்டேன். வெளியே வந்து, கோபித்துக்கொள்வாய் என்று பார்த்தால், "தூங்கினதும் ஒரு விமர்சனம்தான். எந்த இடத்துல தூங்கின, கரெக்டா சொல்லு" என்று பென்சிலை எடுத்தாய். அந்தப் பக்கம் இப்போது நான்காம் பெட்டியில் இருக்கிறது. ஓரத்தில் தமிழில் "இங்கே இவன் தூங்கினான், பன்னிரண்டு தாளக்கட்டம் வெட்டு" என்று எழுதியிருக்கிறாய். உன் ஓரக்குறிப்புகள் எல்லாம் தமிழில் இருப்பதால், அவற்றை ஆங்கிலத்தில் சொல்லும் வேலையை நூலகத்துக்காரர்கள் எனக்குக் கொடுத்தார்கள். என் மானம் போகிற வரியை நானே மொழிபெயர்த்தேன். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

உன் அப்பா இறந்த செய்தி வந்த காலையில் நான் உன் வீட்டில்தான் இருந்தேன். நீ பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாய். ஊருக்குப் போன ஒருவன் விசா ஸ்டாம்பிங் கிடைக்காமல் சென்னையிலேயே ஐந்து மாதம் மாட்டிக்கொண்டிருந்தான். போனால் திரும்ப வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று லாயர் சொன்னார். நீ போகவில்லை. ஒரே மகன் நீ இருக்க, உன் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார்.

மூன்று வாரம் கழித்து, எல்லாம் முடிந்த பிறகு, கருமாதி பத்திரிகை தபாலில் வந்தது. சுற்றிலும் கறுப்புக் கரை. கீழே அழைப்பவர் என்ற இடத்தில் உன் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அமெரிக்கா. படித்துவிட்டு உன்னிடம் நீட்டி, "கிழிச்சுப் போட்டுடு. வீட்டுல வெக்கக் கூடாது" என்றேன். எங்கள் வீட்டில் அம்மா அதை உள்ளேகூடக் கொண்டுவர மாட்டாள். வாசலில் நின்றபடி படித்து, அங்கேயே கிழித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும்.

நீ அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாய்.

"ஊரையே நான் கூப்பிட்டிருக்கேன் பாரு. கூப்பிட்டவன் போகல."

"அதுக்காக? குழந்தை இருக்கிற வீடுடா."

"அங்க என் பேரு மட்டும்தான் போச்சு. அதையும் கிழிக்கச் சொல்றியா?"

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரம் உன்னோடு சரியாகப் பேசவில்லை. அதன் பிறகு அந்தத் தாளைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாம் குவார்ட்டெட்டை மூன்று வருஷத்துக்கு மேல் எழுதினாய். ஒரு சாயங்காலம் ஃபோன் செய்து "முடிஞ்சிருச்சுடா, வா" என்றாய். மாலதி கேசரி கிண்டியிருந்தாள். எப்படி முடிகிறது என்று கேட்டேன். "வாசிக்கும்போது வந்து கேளு. இந்தத் தடவை தூங்காத" என்றாய். கிரீன் கார்டும் வந்துவிட்டது. டிசம்பருக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாய். அக்டோபரில் ஒரு ஞாயிறு காலை, கடையில் பால் வாங்கி வண்டியில் வைத்துவிட்டு, அந்தப் பார்க்கிங்கிலேயே சாய்ந்துவிட்டாய். நாற்பத்தொரு வயது. உன்மேல் இன்னும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

அடுத்த கோடையில் நூலகம் உன் தாள்களைக் கேட்டது. மாலதி என்னைக் கூப்பிட்டாள். ஒரு சனிக்கிழமை முழுக்க உன் அறையில் உட்கார்ந்து அடுக்கினேன். அபி பெட்டிகளின்மேல் மார்க்கரால் எண் போட்டாள். உன் மேஜையின் கீழ் டிராயரில், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக, அந்தக் கறுப்புக் கரை இருந்தது.

நான் எஞ்சினியர். சகுனம் பார்த்து வண்டி எடுக்கிறவன் இல்லை. ஆனால் அதைப் பார்த்தவுடன், இத்தனை வருஷம் இதை வீட்டுக்குள் வைத்திருந்தாயே என்றுதான் தோன்றியது. உறையிலிருந்து எடுத்தேன். உன் பெயர் தெரிந்தது. நாலாகக் கிழித்தேன். சமையலறைக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன். செய்யவேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதிகூட இருந்தது. பின்பக்கத்தை நான் பார்க்கவில்லை. யாராவது பார்ப்பார்களா, அந்தப் பத்திரிகையை?

இரண்டு மாதம் கழித்து நூலகத்திலிருந்து டயான் ஒரு மெயில் அனுப்பினாள். உன் பெட்டிகளைப் பட்டியல் போடுகிறவள். குவார்ட்டெட்டின் கடைசிப் பக்கம் காணவில்லை, நோட்டுப் புத்தகத்தில் அதைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறது போலிருக்கிறது, என்னவென்று சொல்ல முடியுமா என்று கேட்டு, அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து இணைத்திருந்தாள். உன் கையெழுத்து. "கடைசிப் பக்கம் அப்பா பத்திரிகையின் பின்னால். வேறு தாளில் எழுத மாட்டேன்."

ஆபீசில் என் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். அந்தக் கட்டடத்தில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். நூலகத்தில் ஒருவரும் இல்லை. நான் என்ன சொல்கிறேனோ அதுதான் நீ எழுதியது. "கடைசிப் பக்கம் இன்னும் எழுதவில்லை" என்று பதில் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் நன்றி சொல்லி மெயில் வந்தது. பாவம், முடிக்காமலே போய்விட்டாரே என்று வருத்தப்பட்டு இரண்டு வரி வேறு எழுதியிருந்தாள்.

அந்தப் பொய்யோடு ஏழெட்டு மாதம் இருந்துவிட்டேன். பட்டியல் வந்த பிறகு முடியவில்லை. நீ முடித்தது மாலதிக்குத் தெரியும். நேற்று ஆபீஸ் முடிந்ததும் நேராக உன் வீட்டுக்குப் போனேன். வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அபி வந்து கண்ணாடியைத் தட்டினாள். "அங்கிள், ஆர் யூ கமிங் ஆர் நாட்? அம்மா சேஸ் த காபி இஸ் கெட்டிங் கோல்ட்."

சமையலறை மேஜையில் பட்டியல் கிடந்தது. எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

"முடிக்கலைன்னு போட்டிருக்காங்க அண்ணா" என்றாள் மாலதி. "கேசரி கிண்டினது நானு. எனக்குத் தெரியாதா?"

"நான்தான் அப்படிச் சொன்னேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாக வரவில்லை. மெயிலில் ஆரம்பித்து, டிராயருக்குப் போய், மறுபடி மெயிலுக்கு வந்தேன். "அந்தக் கருமாதி பத்திரிகைய நான் கிழிச்சுப் போட்டுட்டேன் மாலதி. பின்னாடிதான் அவன் கடைசிப் பக்கத்த எழுதியிருக்கான். நான் பாக்கல."

"தெரியும்."

"எது தெரியும்?"

"நீங்க கிழிச்சது. அன்னிக்கு சாயங்காலம் குப்பைக் கவரைக் கட்டும்போது பாத்தேன். நாலு துண்டு. பின்னாடி கோடு போட்டு எழுதியிருந்தாரு. எடுத்துத் துடைச்சு, இதே மேஜைல சேத்து வெச்சுப் பாத்தேன். டேப் போட்டா ஒட்டியிருக்கும்."

"அப்புறம்?"

அவள் ஹாலைப் பார்த்தாள். அபி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள்.

"அவரு போனதுலேந்து எங்கம்மா ஃபோன் பண்ணும்போதெல்லாம் அதத்தான் சொல்வாங்க. அந்தக் காகிதத்த வீட்டுல வெச்சீங்க, அதான்னு. நான் நம்பல அண்ணா. சத்தியமா நம்பல. ஆனா பொண்ணு இருக்கா வீட்டுல." காபியை என் பக்கம் நகர்த்தினாள். "திருப்பி கவர்ல போட்டுக் கட்டி, நானே வெளிய கொண்டுபோய் வெச்சேன்."

முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அடுத்த நொடி உன் மனைவிமேல் கோபம் வந்தது. ஒட்டியிருக்கலாமே, டேப் இருந்ததே என்று. அப்புறம் என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளாவது பின்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்து, சேர்த்து வைத்துப் பார்த்து, பயந்து போட்டிருக்கிறாள். நான் எதுவும் தெரியாமல் போட்டுவிட்டுக் கையைக் கழுவியவன். ஆறிப்போன காபியை இருவரும் குடித்தோம்.

இன்று காலை டயானுக்கு ஃபோன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முடிக்கப்பட்டது. கடைசித் தாள் இல்லை" என்று மாற்றிவிடுவதாகச் சொன்னாள். தாள் எப்படி இல்லாமல் போனது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம். அந்த உறைக்குள்ளேயே அது இருக்குமாம். அடுத்த மாதம் மாணவர்கள் வாசிக்கப் போகிறார்கள், இருக்கிற தாள் முடிகிற இடத்தில் அப்படியே நிறுத்திவிடுவார்கள் என்றாள்.

ஆறு வரிதான் எழுதினேன். மாலதியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

"உங்க பேரு மட்டும் போட்டிருக்கீங்க" என்றாள். "ரெண்டு பேர் பேரும் போடுங்க. அபி பெருசாகி என்னிக்காவது அந்தப் பெட்டியத் திறப்பா. அதுல பொய் இருக்கக் கூடாது."

போட்டுவிட்டேன். நாளைக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அடுத்த மாதம் வந்து முன்வரிசையில் உட்காருவேன், தூங்க மாட்டேன். நால்வரும் வில்லை இறக்கியதும் சபை கைதட்டும். அதற்குப் பிறகு வரவேண்டிய பக்கத்தைக் குப்பையில் போட்ட இரண்டு பேர் மட்டும் தட்டாமல் உட்கார்ந்திருப்போம்.

மற்றபடி எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. உன் நோட்டுப் புத்தகத்தைப் படித்த நாளிலிருந்து எந்தத் தாளையும் நேராகக் குப்பையில் போட முடிவதில்லை. கிரெடிட் கார்டு விளம்பரம், பீட்சா கூப்பன், பிள்ளைகளின் ஸ்கூல் சுற்றறிக்கை, எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். "என்னத்தத் தேடுறீங்க?" என்று என் மனைவி கேட்கிறாள். இதுவரை எதன் பின்னாலும் ஒன்றும் இல்லை.