இரண்டு முறை தட்டிய கதவு

கிளீவ்லாந்து,
14 அக்டோபர் 1944

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

எல்டன் தேயர் எழுதுகிறேன். உன் நலத்தையும், பிரான்ஸ் போர்முனையிலிருக்கும் நம் பிலிப்பிடமிருந்து கடிதம் வந்ததா என்பதையும் அறிவதே நோக்கம். கதவு திறந்ததும் பெயரையும் நோக்கத்தையும் சொல்வது கருத்துக்கணிப்பாளருக்கு விதி. அப்பழக்கம் கடிதத்திலும் ஒட்டிக்கொண்டது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

தேர்தல் கணிப்பில் இங்கே ஒரு வாரம் ஜனாதிபதி முந்துகிறார், மறுவாரம் அவரை எதிர்க்கும் ஆளுநர். ஒருவரை இருமுறை கேட்கக் கூடாது என்பது விதி. நேற்று மறதியாக, ஆகஸ்டில் பார்த்த திருமதி ருஜிச்காவின் கதவையே தட்டிவிட்டேன்.

"அட, நீங்களா சார்! அப்ப ஆளுநருக்குன்னு சொன்னேன்ல? இப்ப ஜனாதிபதிக்குத்தான். எம் பையன் சண்டையில நிக்கறப்ப பதவியில இருக்கறவரை மாத்த மனசு வரல. ஆமா, உங்க வீட்டம்மா யாருக்குப் போடுவாங்க?"

"தெரியாதுங்க."

"ஊரையே கேக்கறீங்க, பொண்டாட்டியக் கேக்கலையா? நல்ல ஆளுதான்!"

சிரித்துவிட்டேன். 1920இல் நீ முதன்முதலாக வாக்களித்த நாள் நினைவுக்கு வந்தது. நீலத் தொப்பியோடு நகர மன்றத்திலிருந்து வந்தாய். யாருக்கு என்று கேட்டேன்; வீடுவரை ஆப்பிளைக் கடித்தபடியே நடந்தாய். பதில் இன்றுவரை வரவில்லை. மாலைகளில் நான் அந்த நடையைத்தான் மனத்தில் மறுபடி நடக்கிறேன்.

விடைபெறும்போது திருமதி ருஜிச்கா, "உங்க பையன் கடுதாசி போட்டானா?" என்றார். சொந்தக் கதை பேசக் கூடாது என்ற விதியை மீறி, ஆகஸ்டில் அவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

பழுப்புக் கம்பளிக் கையுறைகளை அனுப்பு. பிலிப் எழுதினால் உடனே தந்தி கொடு.

இப்போது, இருமுறை கேட்டதால் செல்லாமல் போன திருமதி ருஜிச்காவின் நேற்றைய பதில் படிவத்தை விதிப்படி கிழித்துவிட்டு, அஞ்சலகத்துக்குப் போய், எனக்கு ஏதேனும் வந்திருக்கிறதா என்று இந்த வாரத்தில் ஐந்தாம் முறையாகக் கேட்கப் போகிறேன்.

உன்,
எல்டன்