ஐஸ் கட்டிச் சோதனை

வெள்ளிக்கிழமை, இரவு

இதனால் பினாங்கு மக்கள் அனைவருக்கும் அறிவிப்பது: இன்று மாலை எங்கள் வீட்டில் ஓர் ஐஸ் கட்டி வீரமரணம் அடைந்தது.

அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். மரத்துப்போன கால் சரியாகும் என்று நம்பி, வெளிநாட்டில் கழுத்து ரத்தக்குழாயை விரிக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்து வந்தாள். ஸ்டென்ட் வைப்பதால் இந்த நோய் குணமாகாது என்று இங்குள்ள டாக்டர் காலையில் சொல்லிவிட்டார். எனக்கு ரோஷம் வந்தது. கால் சரியாகிவிட்டதை நிரூபிக்க, டிவி பார்த்துக்கொண்டிருந்தவளின் மரத்துப்போன உள்ளங்காலில் ஐஸ் கட்டியை வைத்தேன்.

"ஐயோ, சில்லுனு இருக்குடா, குரங்கு!" என்று அலறினாள்.

"பாத்தீங்களாம்மா? கால் வேலை செய்யுதுலா! அந்த டாக்டருக்குத்தான் மூளை மரத்துப்போச்சு!" என்று வீடு முழுக்க ஆடினேன்.

வெட்கத்தை விட்டு ஒன்றை எழுதிவிடுகிறேன். ஐஸ் பாதி கரையும்வரை அக்கா டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அலறினாள்.