சிக்னல் விளக்கின் எண்ணெய்

கிள்ளான் லைன்,
14-11-1933, செவ்வாய் இரவு.

அன்புள்ள நல்லம்மா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. அத்தானுக்குக்கூட வேண்டாம், அவர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆபீஸிலேயே வேலை செய்கிறவர். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. காலை ரயிலில் கார்டு தம்புசாமி அண்ணனிடம் ஒட்டிக் கொடுத்தனுப்புவேன். அம்மாவும் அப்பாவும் தூங்குகிறார்கள். சாமி மாடத்து அகல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை இரவு நம் ஸ்டேஷனில் விபத்து. நல்ல மழை. வெளி சிக்னல் விளக்கு அணைந்துவிட்டது. கிள்ளானிலிருந்து வந்த கூட்ஸ் வண்டி டிரைவருக்குக் கம்பமே தெரியவில்லை. நிற்காமல் உள்ளே வந்துவிட்டான். தண்டவாளத்தில், லைன் பழுது பார்க்கும் பக்கிரிசாமி மாமாவின் தள்ளுவண்டி நின்றிருந்தது. மாமா குதித்தும் ஒரு கால் சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "டீச்சரம்மா, நமக்கும் ரெண்டு எழுத்து சொல்லிக் குடுலா" என்று கேலி செய்வாரே, அவர்தான்.

விளக்கேற்றுவது அப்பா வேலை. அதனால் ஸ்டேஷன் மாஸ்டர் அப்பாவை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, "என்ன காணும் அய்யாவு, கள்ளுக் குடிச்சிட்டுப் படுத்தனீரோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அப்பா கள் தொடாதவர் என்று அவருக்கே தெரியும். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "இல்லீங்கய்யா. எண்ணெய் ஊத்த மறந்துட்டேங்க" என்றார்.

அக்கா, அப்பா மறக்கவில்லை. நான் பார்த்தேன், ஊற்றினார்.

தவறு என்னுடையது. எட்டு மணிக்கெல்லாம் அம்மா விளக்கை ஊதிவிடுவாள். "எண்ணெய் என்ன உங்கப்பன் கெணத்துலயா ஊறுது? பொட்டப்புள்ள படிச்சு ஸ்டேஷன் மாஸ்டராவப் போறியா?" என்பாள். பரீட்சையில் தேறினால் உன் வீட்டில் தங்கிக் கோலாலம்பூரில் படிக்கலாம் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த ஆசை. அதனால் விளக்கறையில் இருக்கும் சிக்னல் எண்ணெய் டின்னிலிருந்து தினமும் கொஞ்சம் என் புட்டியில் எடுத்தேன். குறைந்தது தெரியாமலிருக்க அதே அளவு தண்ணீர் ஊற்றி வைத்தேன். மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் தங்கும். அப்பா சாய்த்து ஊற்றும்போது மேலே இருந்தது மட்டும்தான் வந்திருக்கிறது. ஞாயிறு அன்று அடியிலிருந்தது வந்துவிட்டது. இது எனக்கு அப்போது தோன்றவே இல்லை அக்கா. பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து, மிச்சத்தைத் தட்டில் கவிழ்த்து வெகு நேரம் பார்த்தார். பிறகு என் புத்தக அடுக்குக்குப் பின்னாலிருந்த புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெறுங்கையோடு வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "பரீட்சை எப்போ புள்ள?" என்றார். "அடுத்த மாசம்பா" என்றேன். "நல்லா எழுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விசாரிக்க ரயில்வேயின் பெரிய துரை வெள்ளிக்கிழமை வருகிறார். மறந்தேன் என்று எழுதிய தாளில் அப்பா கைநாட்டு வைத்தால் வேலை போகும், இந்த வீடும் போகும். ஜெயில்கூட உண்டு என்று பக்கத்து வீட்டு மாரியாயி அத்தை அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அப்பா மறந்துவிட்டார் என்று நம்பி அவரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நான் சொன்னால் என்னை என்ன செய்வார்கள்? சொல்லாவிட்டால் பக்கிரிசாமி மாமா முகத்தை எப்படிப் பார்ப்பேன்? உன்னிடம் கேட்டு, உன் பதில் வரும்வரை காத்திருக்கலாம் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு வேளை அப்பாவை இங்கிருந்து அனுப்பிவிட்டால், நீ அவரை

கதவு தட்டுகிறது. மாஸ்டர் குரல். "அய்யாவு! துரை கூட்ஸிலேயே வந்திட்டார். எழும்பி வாரும்" என்கிறார்.

அப்பா இன்னும் எழவில்லை. அக்கா, உன் பதிலுக்கு நேரமில்லை. எனக்காக வேண்டிக்கொள். அவர் எழுவதற்குள் தாழ்ப்பாளை நானே போய்த் திறந்து, எண்ணெய் எடுத்தது நான்தான் என்று துரையிடம்