மணற்குழிக்கு எந்தப் பக்கம் நின்றாய், அக்கா?

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த என் அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி மூன்றாவது மாசம் நடக்கிறது. கல்லூரியில் உன் மேசைக்கு வேறொருவர் வந்துவிட்டார். வரத்தானே வேண்டும். வீட்டுக் கணக்கை ஒருநாள் விடாமல் எழுதுகிறவள் நான். இப்போது காலையில் பால் வாங்கினேனா என்பதுகூட மனசில் நிற்பதில்லை.

கௌசல்யாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரியாததில்லை, இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பாலசமுத்திரத்துப் பிள்ளை, பிறவியிலேயே பார்வை கிடையாது. உன் கல்லூரியில் தமிழ் படிக்கிறாள். அவளுக்கு நீளம் தாண்டுதல் பழக்கியவள் நீ. மணற்குழியின் கடைசியில் நின்று "வா, வா, வா" என்று ஒரே சீராகக் கூப்பிடுவாய். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து தாண்டுவாள்.

உடற்கல்வி படிக்கிற பிள்ளைகளுக்கும் முதல் பாடமாகக் கண்ணைக் கட்டி, குரலை நோக்கி ஓடச் சொல்வாயாம். பாதியிலேயே எல்லோரும் நின்றுவிடுவார்களாம். "இப்பத் தெரியுதா, அவளுக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம்னு?" என்பாயாம்.

நீ போனதிலிருந்து அவள் ஓடவில்லை. போன வாரம் அவளுடைய அப்பா அழைத்துப்போக வந்துவிட்டார். நம் வீட்டுக்கும் வந்தார்.

"டீச்சரம்மா இருந்தாங்க, உட்டுட்டுப் போனேன். இனி யார நம்பி உடறதுங்க?"

ஞாயிற்றுக்கிழமை அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வுப் போட்டி இருக்கிறது, அதுவரை பொறுங்கள், நான் நின்று கூப்பிடுகிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களாங்க?" என்றார். அப்புறம் ஞாயிறு வரைக்கும் என்று ஒத்துக்கொண்டார். அன்றைக்குத் தேறாவிட்டால் படிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஊருக்குத்தான்.

எந்தத் தைரியத்தில் சொன்னேன்? எட்டாவதோடு நின்றவள். நீ கொண்டுவந்து போட்ட புத்தகங்களை அடுப்படியில் வைத்து நானாக எழுத்துக்கூட்டிப் படித்ததைத் தவிர எனக்கு என்ன தெரியும்? பஜனையில் பாடுகிற குரல் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை மைதானத்துக்குப் போய், குழிக்கு நேர் பின்னால் நின்று கூப்பிட்டேன். ஓடிவந்தாள், அக்கா. அப்படியொரு வேகம். இடப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்து, குழியோரத்துச் சிமெண்டில் விழுந்தாள். முழங்கால் கிழிந்துவிட்டது.

"நான் நேராத்தானுங்க வந்தேன். அம்பு மாதிரி வாரேன்னு மேடம் எப்பவும் சொல்லுவாங்க. நீங்கதான் எங்கியோ நின்னுட்டீங்க."

டவுன் பஸ்ஸில் வரும்போது மலைமேல் இருக்கிற பழனிக்காரனோடு மனசுக்குள் சண்டை போட்டேன். சோறாக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள், இந்த வேலைக்கு வேறு ஆள் உண்டா, எடுத்துக்கொள்ள என்னைத் தெரியவில்லையா என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து, போன வருஷம் என் போனில் பிடித்த வீடியோவைப் போட்டேன். இத்தனை நாளும் அதில் உன் முகத்தைத்தான் பார்த்து அழுதிருக்கிறேன். அன்றைக்கு உன் காலைப் பார்த்தேன். அவள் ஓடத் தொடங்கியதும் நீ அவளுக்கு வலப்பக்கமாக நகர்கிறாய். அவள் வேகம் கூடக் கூட இன்னும் நகர்கிறாய். அவள் ஓட்டம் கோணல். நீ தள்ளி நின்று அதை நேராக்கியிருக்கிறாய், அவளுக்கே தெரியாமல்.

ஏன் சொல்லவில்லை அக்கா? மனசொடிந்து போவாள் என்றா? நாம்தான் இருக்கிறோமே என்றா? இருந்தாயா?

நான் அவளிடம் சொல்லிவிட்டேன். கோபிக்காதே. உன்னைப்போல் பார்த்துப் பார்த்து நகர எனக்கு வராது. எனக்குப் பிறகும் அவள் யார் குரலையாவது கேட்டு ஓட வேண்டாமா?

"அப்ப இத்தன நாளா மேடந்தான் கோணலா நின்னாங்களாக்கும்?" என்று சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அது அழுகையாகிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு கோணல் என்று காட்டச் சொன்னாள். அவள் உள்ளங்கையில் விரலால் கோடு இழுத்துக் காட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் போகிறோம். மெதுவாக வந்தால் நேராக வருகிறாள். வேகமெடுத்தால் பழையபடி சாய்கிறது. நானும் வலப்பக்கம் தள்ளி நின்று பார்க்கிறேன். சில தரம் மணலில் விழுகிறாள், சில தரம் வெளியே. ஓரத்துச் சிமெண்டின்மேல் வீட்டுப் பழைய மெத்தையை விரித்திருக்கிறேன். போட்டியில் மெத்தை போட யார் விடுவார்கள்?

நாளை மறுநாள் ஞாயிறு. சாமி கும்பிட உட்கார்ந்தால் மந்திரம் பாதியில் மறந்துபோகிறது. அவள் தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. எலும்பு முறியாமல் எழுந்து வந்தால் போதும் என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவள் எந்தப் பக்கம் சாய்ந்து வந்தாலும் என் குரல் உடையாது. அவள் கால் மணலில் படும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். அழுவதெல்லாம் அதற்கப்புறம்.

உனக்குப் பின்னால் பிறந்தவள்,
உன் தங்கச்சி சரசு